பற்றாத கதினாவைக் குனிந்து பார்க்காதீர்கள்

"தீ அணைந்துவிட்டது என்று நினைத்துத்தான் குனிந்தேன், டாக்டர்."

கல்குளம் பக்கம் ஒரு கோவிலில் வெடி வழிபாடு நடத்தும் அண்ணன் ஒருவர், வலது கண்ணில் ஈரத்துண்டை அழுத்திப் பிடித்தபடி சொன்னது இது. துண்டை விலக்கி விளக்கை வைத்துப் பார்த்தேன். கருவிழி முழுக்க மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். இமையிலும் கன்னத்திலும் தோலுக்குள் புதைந்த வெடிமருந்துத் துகள்கள். அவற்றை மூன்று நாட்களுக்குள் எடுக்காவிட்டால் பச்சை குத்தியதுபோல் நிலைத்துவிடும்.

நாகர்கோவிலில் கண் மருத்துவம் பார்க்கும் எனக்கு, திருவிழாக் காலத்தில் இந்தக் காயம் புதிதல்ல. விசாரித்தால் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான்: கதினா, அதாவது வெடிமருந்து நிரப்பித் தீ வைக்கும் இரும்புக் குழல், வெடிக்கவில்லை; என்னவென்று பார்க்கப் போனார்கள்.

ஏன் வெடிப்பதில்லை? கதினாவில் நிரப்பும் கருமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்த பிறகும் அதன் எடையில் பாதிக்குமேல் உப்பும் கரியுமாக எஞ்சுகிறது. ஒரு பகுதி புகையோடு போக, மீதி குழலிலேயே படிந்துவிடும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். நம் மாவட்டத்தில் கடற்காற்றும் இரண்டு பருவமழைகளும் வேறு. கழுவாமல் வைத்த குழல் சீக்கிரமே துருவேறி, தீ வைக்கும் துளை அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை தீ அந்தத் துளைக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்து, ஆள் குனியும் நேரத்தில் மருந்தைப் பிடிக்கும். எனவே குழலை அன்றைக்கே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி வையுங்கள். பற்றாத கதினாவை அரைமணி நேரம் யாரும் நெருங்கக் கூடாது. பிறகும் பக்கவாட்டில் நின்று தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குழல்வாய்க்கு நேரே முகம் வரவே கூடாது.

சத்தம் போதவில்லை என்று வேறு மருந்தை நிரப்புவது இதைவிடக் கொடுமை. கருமருந்துக்கென வார்த்த குழலில் தோட்டா மருந்தையோ பட்டாசிலிருந்து பிரித்த மருந்தையோ போட்டால் குழலே சிதறலாம். அளவு ஒன்றாக இருப்பதால் எரியும் வேகமும் ஒன்றாகிவிடாது. உரிமம் பெற்ற பழைய துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கந்தகமும் குளோரேட் என்ற வேதியுப்பும் சேர்ந்த கலவை உரசலிலேயே வெடிக்கும். அதை மத்திய அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் கண்ணில் அடிபட்டால் கசக்காதீர்கள், அந்த அண்ணன் செய்ததுபோல் துணி வைத்து அழுத்தவும் வேண்டாம். கிழிந்த கண்ணை அழுத்தினால் உள்ளிருப்பது வெளியே வந்துவிடும். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டி உடனே அழைத்து வாருங்கள். எண்ணெய், தாய்ப்பால், வீட்டிலிருக்கும் சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். வழியில் காப்பிகூடக் கொடுக்க வேண்டாம். அன்றிரவே மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட வேண்டியிருக்கலாம்.