சட்டம் போட்ட பழைய தாளை வாங்கும் முன்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் மூச்சு வாங்க ஒரு பெரிய பார்சலோடு என் வேலையிடத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது இங்கே ஜெர்மனியில். பழைய சாமான் சந்தையில் சட்டம் போட்ட ஒரு தாளை வாங்கியிருந்தார். ஒரு நகரத்தின் படம், மேலே லத்தீன் எழுத்துகள், பச்சையும் நீலமுமாக வண்ணம் பூசியது. பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் 1493 என்று இருந்தது.

"அக்கா, இது உண்மையா 500 வருசம் பழசோ?"

உண்மைதான். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் காகிதம் வார்த்த கம்பிச் சல்லடையின் கோடுகள் தெரிந்தன. எழுத்து அழுந்திய தடம் விரலில் பட்டது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தாளின் இடது ஓரம் பிளேடு வைத்து அறுத்தது போல நேராக இருந்தது. தையலோடு இருந்த புத்தகத்திலிருந்து யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

நான் ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பழுது பார்ப்பவள். என் மேசைக்கு அதிகம் வருபவை 15, 16ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள். அப்பா மதுரையில் பைண்டிங் கடை வைத்திருந்தார். ஃபாரம் என்கிற அச்சடித்த பெரிய தாளை மடிப்பதும் தைப்பதும் அட்டைக்குக் கலிக்கோத் துணி ஒட்டுவதும் சின்ன வயதிலேயே பழக்கம். அதனால்தானோ என்னவோ, புத்தகத்தைப் பிரித்துப் போட்டவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் பலர் இப்போது இப்படித் தாள்களை வாங்கிப் பரிசாகக் கொடுக்கிறார்கள். வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தம்பியின் தாள் நியூரம்பெர்க் வரலாற்றேட்டைச் சேர்ந்தது. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து அன்றைய நாள் வரைக்குமான வரலாற்றை ஹார்ட்மான் ஷேடல் என்ற மருத்துவர் தொகுத்தார். மிகைல் வோல்கெமுட்டின் பட்டறையில் படங்கள் தயாராயின. அச்சடித்தவர் ஆன்டன் கோபெர்கர், ஓவியர் ட்யூரரின் ஞானத்தந்தை. 1493 ஜூலையில் லத்தீனிலும் டிசம்பரில் ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. சுமார் 645 மரக்கட்டைகளைச் செதுக்கி, அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 1800க்கும் மேற்பட்ட படங்களை அச்சிட்டார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு சங்கதி இருக்கிறது. நேரில் பார்த்து வரைந்த நகரங்களும் இந்த நூலில் உண்டு. ஆனால் பல நகரங்களுக்குப் பொதுவாக ஒரு கோட்டை, சில கோபுரங்கள், ஒரு ஆறு என்று கற்பனையாகச் செதுக்கிய கட்டையை வைத்து, தலைப்பை மட்டும் மாற்றினார்கள். முழுப் புத்தகத்தைப் புரட்டுபவருக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபடும். இருபது பக்கம் தள்ளி அதே கோபுரம் வேறொரு ஊரின் பெயரில் நிற்கும். தாளைத் தனியாக வாங்கியவர் அதைத் தன் ஊரின் 500 வருடத்துக்கு முந்தைய தோற்றம் என்று நம்பி வரவேற்பறையில் மாட்டுவார். வண்ணமும் அப்படித்தான். அன்றே பூசிய பிரதிகள் உண்டு. கூடுதல் விலைக்கு விற்பதற்காக வியாபாரிகள் பிற்காலத்தில் பூசிய தாள்களும் ஏராளம். புத்தகம் முழுசாக இருந்தால் மற்றப் பக்கங்களோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஒற்றைத் தாளை எதோடு ஒப்பிடுவது?

இதே நூலில் கடைசிப் பகுதிக்கு முன்னால் சில பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார்கள். இனி நடக்கப்போவதை வாங்கியவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று. படம் இல்லாத அந்தப் பக்கங்களைச் சட்டம் போட்டு யார் வாங்கப் போகிறார்கள்? புத்தகத்தைப் பிரித்து விற்பவர் முதலில் கழிப்பது அவற்றைத்தான்.

தாள் வியாபாரத்தால் என்ன நஷ்டம் என்பது புரிய, அந்தக் காலத்தில் புத்தகம் எப்படி விற்றது என்று தெரிய வேண்டும். இன்று போல அட்டை போட்டுக் கடையில் அடுக்கவில்லை. அச்சிட்ட தாள்களைத் தைக்காமலே பீப்பாய்களில் அடைத்து வண்டியிலும் படகிலும் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கியவர் தன் வசதிக்கேற்ப பைண்டிங் செய்துகொண்டார். பத்திகளின் முதல் எழுத்தைச் சிவப்பிலும் நீலத்திலும் கையால் எழுதும் வேலையும் பெரும்பாலும் விற்ற பிறகுதான். வெனிசில் அச்சாகி, தென் ஜெர்மனியின் பன்றித் தோல் அட்டைக்குள் இருக்கும் சட்ட நூல்கள் என் மேசைக்கு வரும். அந்த அட்டையையும் உள்ளே எழுதிய விலையையும் ஓரக் குறிப்பையும் வைத்து, அந்தப் பீப்பாய் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி எந்த ஊரில் இறங்கியது என்று ஓரளவு சொல்லிவிட முடியும். அச்சான பக்கத்தில் இருப்பது எல்லாப் பிரதிகளுக்கும் பொது. இந்தத் தடயங்கள் அந்த ஒரு பிரதிக்கு மட்டுமே உரியவை.

புத்தகத்துக்கு வெளியே இதைச் சொல்லும் ஆவணங்கள் மிகக் குறைவு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிரான்செஸ்கோ தெ மாதீஸ் என்ற வெனிசு புத்தகக் கடைக்காரரின் நாள்கணக்கு. 1484 முதல் 1488 வரை தினமும் என்ன விற்றது, என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட 25,000 அச்சு நூல்கள் விற்றிருக்கின்றன. பணத்துக்குப் பதில் எண்ணெய் போன்ற பண்டங்களை வாங்கிக்கொண்ட கணக்கும் உண்டு. வெனிசின் மார்சியானா நூலகத்தில் அந்தக் கையெழுத்து ஏடு இருக்கிறது.

எல்லாருக்கும் வியாபாரம் அப்படி நடக்கவில்லை. ரோமில் ஸ்வைன்ஹைம், பன்னார்ட்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அச்சகம் நடத்தினார்கள். பெரும்பாலும் ஒரு நூலுக்கு 275 பிரதி போட்டார்கள். 1472இல் போப்பாண்டவருக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், வீடு முழுக்க அச்சடித்த தாள் கிடக்கிறது, சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை என்று முறையிட்டிருக்கிறார்கள். காகிதமோ கந்தல் துணியில் செய்தது, விலை அதிகம். ஒரு பிரதி விற்கும் முன்பே அதற்கு முழுப் பணம் போட வேண்டும். கூட்டன்பர்கும், தனக்குக் கடன் கொடுத்த ஃபுஸ்ட் என்பவர் தொடுத்த வழக்கில் 1455இல் மாட்டிக்கொண்டவர்தான். அத்தனைக்கும் அவருடைய பைபிள் வேலை முடியும் முன்பே எல்லாப் பிரதிகளுக்கும் ஆள் கிடைத்துவிட்டதாக அந்த வருடம் எழுதப்பட்ட ஒரு கடிதம் சொல்கிறது.

நியூரம்பெர்க் வரலாற்றேட்டுக்கும் சிக்கல் வந்தது. 1496இல் ஆக்ஸ்பர்கில் ஷோன்ஸ்பெர்கர் என்பவர் அதைச் சின்ன அளவில், மலிவாக நகல் போட்டு விற்க ஆரம்பித்தார். 1509இல் பங்குதாரர்கள் கணக்கு முடித்தபோது விற்காத பிரதிகள் ஐரோப்பாவின் பல நகரங்களில் தேங்கிக் கிடந்தன. இன்று சந்தையில் இந்த நூலின் தாள்கள் இத்தனை கிடைப்பதற்கு முதல் காரணம், அன்று அவ்வளவு பிரதிகள் அச்சானதுதான். இரண்டாவது காரணம், முழுப் புத்தகத்தை ஒருவருக்கு விற்பதைவிடத் தாள் தாளாகப் பல நூறு பேருக்கு விற்றால் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் பெரிய மனிதர்களும்தான். 1921இல் நியூயார்க் வியாபாரி கேப்ரியல் வெல்ஸ், கூட்டன்பர்க் பைபிளின் குறைப் பிரதி ஒன்றைப் பிரித்து, பல தாள்களைத் தனித்தனியே அழகான தோல் உறையில் ஒரு கட்டுரையோடு சேர்த்து விற்றார். அந்தப் பைபிள் அச்சானதே சுமார் 180 பிரதிதான். இன்று எஞ்சியவை 49 அளவில். ஏற்கெனவே சில தாள்கள் போன பிரதிதானே என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. குறைப் பிரதியிலும் தையல் இருக்கும், தாள்கள் இருந்த வரிசை இருக்கும், படித்தவர்களின் கை இருக்கும்.

அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் நம்மவர்கள் முதலில் செய்வது, கிழிந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பைண்டிங் போடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் காலத்து பைண்டர்கள் வீணான அச்சுத் தாள்களையும் பழைய தோல் ஏடுகளையும் அட்டைக்குள்ளும் முதுகுக்குள்ளும் வைத்து ஒட்டினார்கள். 1858இல் லண்டன் அச்சகக்காரர் வில்லியம் பிளேட்ஸ், செயின்ட் ஆல்பன்ஸ் பள்ளி நூலகத்தில் மழைநீரில் ஊறிக் கெட்டிருந்த ஒரு புத்தகத்தைப் பார்த்தார். இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் அச்சிட்டது. அதன் அட்டை முழுக்கக் காகிதத்தை ஒட்டிச் செய்தது. பிரித்துப் பார்த்தால் 56 பாதித் தாள்கள், காக்ஸ்டனின் 13 நூல்களைச் சேர்ந்தவை. அதில் மூன்று நூல்கள் அதுவரை யாருக்கும் தெரியாதவை. யாராவது அந்த அட்டையைக் குப்பையில் போட்டிருந்தால் அந்த மூன்றும் கூடவே போயிருக்கும்.

மலிவாக விற்ற சின்ன நூல்கள்தான் அதிகம் அழிந்தன. பள்ளி இலக்கணம், பிரார்த்தனைப் புத்தகம், பஞ்சாங்கம் எல்லாம் கையில் புரண்டு கிழிந்தே போயின. 1554இல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட கிறித்தவப் போதனை நூலும் இந்த வகைதான். அதில் ஒரே ஒரு பிரதிதான் இன்று அறியப்படுகிறது, அங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

அடுத்தது திருட்டு. நேபிள்சின் ஜிரோலமினி நூலகத்திலிருந்து ஆயிரக்கணக்கான நூல்களைக் கொள்ளையடித்ததற்காக 2012இல் கைதானவர் அந்த நூலகத்தின் இயக்குநரே. கொலம்பஸ் தன் பயணத்தைப் பற்றி எழுதிய கடிதத்தின் 1493 அச்சுப் பதிப்பு புளோரன்சின் ரிக்கார்டியானா நூலகத்தில் இருந்தது. யாரோ அதை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அசல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 2016இல் இத்தாலிக்குத் திரும்பியது. பெரிய நூலகங்களே ஏமாறும்போது, சந்தையில் வாங்கும் நாம் எப்படிக் கவலைப்படாமல் இருப்பது? திருடிய புத்தகத்தைப் பிரித்துவிட்டால் அடையாளம் காண்பது இன்னும் கடினம். நூலக முத்திரை முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோதான் பெரும்பாலும் இருக்கும், நடுத் தாளில் ஒன்றும் இருக்காது.

நான் பார்க்கும்போது முதலில் கவனிப்பது சுரண்டிய இடங்களை. முத்திரையைச் சுரண்டினால் காகிதம் அங்கே மெலிந்து, வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். கழுவி எடுத்த மை, புற ஊதா விளக்கில் பல சமயம் நிழலாக மேலே வரும். ஒரு மூலையை வெட்டி வேறு காகிதம் ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் முத்திரை இருப்பதாலேயே திருட்டு என்று முடிவுகட்டவும் கூடாது. 1803இல் பவேரியாவில் மடங்களைக் கலைத்தபோது அவற்றின் நூல்கள் மியூனிக் அரச நூலகத்தில் குவிந்தன. ஒரே நூலின் பல பிரதிகள் சேர்ந்ததால் உபரியை அந்த நூலகமே விற்றது. அப்படி விற்றதற்கு உபரிப் பிரதி என்ற முத்திரை தனியாக இருக்கும்.

விற்பவரிடம் ஒரு கேள்வி போதும். இதற்கு முன் இது யாரிடம் இருந்தது? எழுத்தில் பதில் கேளுங்கள். "ஒரு பழைய சேகரிப்பிலிருந்து" என்று மட்டும் சொன்னால் விட்டுவிடுங்கள். பழைய நூல் வியாபாரிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு, காணாமல் போன நூல்களின் பதிவேடு ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. வாங்கும் முன் அதில் தேடுவதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

ஏற்கெனவே வீட்டில் முழுப் புத்தகம் இருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். தோல் அட்டைக்கு எண்ணெய் தடவாதீர்கள். வெயிலில் காயவைப்பதும் பென்சில் குறிப்பை அழிப்பதும் வேண்டாம். இந்த நூல்கள் பலவற்றில் தலைப்புப் பக்கமே கிடையாது. யார், எங்கே, எப்போது அச்சிட்டார் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தையும், அட்டையின் உள்பக்கத்தையும், கையெழுத்து தெரியும் இடங்களையும் படம் எடுத்து அருகில் உள்ள பெரிய நூலகத்தின் அரிய நூல் பிரிவுக்கு அனுப்புங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது தொந்தரவே இல்லை, சந்தோஷமாகப் பதில் எழுதுவோம்.

தம்பிக்கு நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிவிட்டது. திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுத்தால் அது அடுத்தவரிடம் போகும், அவ்வளவுதான். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தோம். கீழ் ஓரத்தில் பழைய பழுப்பு மையில் யாரோ தாள் எண் எழுதியிருந்தார்கள். மேலே மூன்று புழுத் துளைகள். புழு புத்தகத்தைக் குடைந்துகொண்டே போகும் என்பதால், பக்கத்துத் தாள்களிலும் அதே இடத்தில் துளை இருந்திருக்கும். துளைகளின் இடத்தை அளந்து, அந்த எண்ணின் கையெழுத்தைப் படம் எடுத்து வைத்தேன். இதே துளையும் இதே கையும் உள்ள இன்னொரு தாள் எங்காவது விற்பனைக்கு வந்தால் கண்டுகொள்ளலாம். அமிலம் இல்லாத அட்டை உறை ஒன்று செய்து கொடுத்தேன். வாங்கிய தேதி, சந்தை, கொடுத்த விலை மூன்றையும் அதன் மேல் பென்சிலால் எழுதச் சொன்னேன். எழுதினார்.