அரை மாரத்தான் தூரம்தானே என்று மலைமேல் ஓடக் கிளம்பாதீர்கள்

அக்டோபர் கடைசி ஞாயிறு, இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். இரவு பத்தரைக்கு மலை மீட்புக் குழுவினர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முப்பத்து நாலு வயது, கணுக்கால் எலும்பு முறிவு, உடல் வெப்பம் 32.6 டிகிரி, நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. பெயரைப் பார்த்து நான் தமிழில் பேசியதும் அவர் குழறிக் குழறிச் சொன்ன முதல் வாக்கியம், "அக்கா, இருபத்தொரு கிலோமீட்டர்தானே?"

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்குப் பக்கத்து மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வருடம் இதே கணக்கைப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து படுத்தவர்களில் இவர் நாலாவது ஆள். நாலு பேருமே சாலையில் நன்றாக ஓடக்கூடியவர்கள், உடம்பில் குறை எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் போட்ட திட்டம் இது. த்ரெல்கெல்டில் கிளம்பி, கிளஃப் ஹெட், மூன்று டாட் சிகரங்கள், ரெய்ஸ், ஹெல்வெலின், டாலிவேகன் பைக், ஃபேர்ஃபீல்டு, சீட் சாண்டல் உட்படப் பன்னிரண்டு உச்சிகளைத் தொட்டு டன்மெய்ல் ரெய்ஸ் சாலையில் இறங்குவது. 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கும் பாப் கிரஹாம் சுற்றின் இரண்டாம் பகுதி இதுதான். தூரம் சுமார் 21 கிலோமீட்டர், அதாவது அரை மாரத்தான். அதைச் சாலையில் அவர் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிப்பவர், மலை என்பதால் அரை மணி நேரம் கூட்டிக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் நாலேகாலுக்குக் கீழே, நாலே முக்கால் வாக்கில்தானே இருட்டும் என்று நினைத்திருக்கிறார்.

இந்தக் கிலோமீட்டர் கணக்கைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். மலையில் உங்கள் நேரத்தைத் தின்பது உயரம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-லேயே ஒரு விதி சொல்லிவைத்தார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்தப் பாதையில் மொத்த ஏற்றம் சுமார் 1,700 மீட்டர். தூரத்துக்கு நாலு மணி சொச்சம், ஏற்றத்துக்கு மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக மொத்தம் ஏழு மணி நேரம். அது நடப்பவர் கணக்கு, ஓடுபவருக்குக் குறையும், சரி. ஆனால் பாப் கிரஹாம் சுற்றுக்கு என்றே மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களே இந்தப் பகுதிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குகிறார்கள். இரண்டேகால் மணி எங்கே இருக்கிறது, நாலு மணி எங்கே இருக்கிறது?

இன்னும் நம்பிக்கை வராவிட்டால் முழுச் சுற்றையே பாருங்கள். கெசிக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம் 1932 ஜூனில் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் சுற்றிவந்தார். தூரம் ஏறக்குறைய 106 கிலோமீட்டர், மணிக்கு நாலரை கிலோமீட்டர்கூட வரவில்லை. நாம் கடைக்கு நடந்து போகும் வேகம்தான். அதே வேகத்தை எட்ட முடியாமல் நல்ல நல்ல ஓட்டக்காரர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள், ஏனென்றால் வழியில் 8,000 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும், ஏறியதை எல்லாம் இறங்கவும் வேண்டும். இறங்குவது சுலபம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தொடைத் தசை கிழிவதும் கணுக்கால் மடங்குவதும் இறக்கத்தில்தான். நான் பார்க்கும் எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை இறங்கும்போது நடந்தவை.

அடுத்தது, யாரோ ஓடிய ஜிபிஎஸ் தடத்தை இறக்கிக் கைக்கடிகாரத்தில் ஏற்றிக்கொண்டு, திட்டம் முடிந்தது என்று நினைப்பது. அந்தத் தடம் ஜூன் மாதத்துத் தடமாக இருக்கலாம், ஜூனில் இங்கே இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஓடியவருக்குப் பாறையில் ஏறத் தெரிந்திருக்கலாம். இதே சுற்றின் வேறொரு பகுதியில், ஸ்காஃபெல் பைக், ஸ்காஃபெல் என்ற இரண்டு சிகரங்களுக்கு நடுவில் தடம் சில நூறு மீட்டர் நேர்க்கோடாகப் போகும், நடுவில் பிராட் ஸ்டாண்ட் என்ற பாறை நிற்கும். சுற்று ஓடுபவர்கள் பலர் அங்கே முன்கூட்டியே கயிறு போட ஆள் வைத்திருப்பார்கள். அந்தக் கயிறு ஜிபிஎஸ் கோட்டில் தெரியாது. கயிறும் துணையும் இல்லாதவர் கொஞ்சம் கீழே இறங்கி ஃபாக்ஸஸ் டார்ன் என்ற சிறு குளத்தின் வழியாகச் சுற்றி ஏற வேண்டும், அதற்கான நேரத்தை வீட்டிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

திட்டம் போடும்போது காகித வரைபடத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு உச்சிக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, இந்த இடத்தில் விட்டுவிடுவதென்றால் எந்தப் பக்கம் இறங்குவேன் என்றும் எழுதுங்கள். ஒருவர்கூட இதைச் செய்துவிட்டு வந்து நான் பார்த்ததில்லை. ஹெல்வெலின் மலைத்தொடரில் மேற்குப் பக்கம் பெரும்பாலும் புல்சரிவு, கிழக்கே செங்குத்துப் பாறைகள், மூடுபனியில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். மூன்று டாட் சிகரங்களில் கடைசியான ஸ்டைபாரோ டாடுக்கும் ரெய்ஸுக்கும் இடையே ஸ்டிக்ஸ் கணவாய் இருக்கிறது, மேற்கே இறங்கினால் சாலை. நம் ஆள் அந்தக் கணவாய்க்கு வந்தபோது மணி நாலரை, மழை, உடம்பில் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றுதான். அங்கேயே இறங்கியிருந்தால் வீட்டில் போய்ச் சுடச்சுட ரசம் குடித்திருப்பார். "இன்னும் பாதிதானே" என்று மேலே போனார். குளிரில் போன் அணைந்தது, அடுத்த இறக்கத்தில் கால் மடங்கியது. டன்மெய்ல் ரெய்ஸில் காரோடு காத்திருந்த நண்பர் ஆறு மணிக்கு அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்ததால்தான் இன்று உயிரோடு இருக்கிறார்.

ஆகவே அந்த நண்பர் மாதிரி ஒருவரிடம் உங்கள் பாதையையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள், எத்தனை மணிக்கு மேல் உதவி கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து. உச்சியின் வானிலையைப் பாருங்கள், ஊர் வானிலை உதவாது. 900 மீட்டர் மேலே ஊரைவிடச் சுமார் ஆறு டிகிரி குளிர் அதிகம், காற்று தனிக்கணக்கு. தையல் வழியாக நீர் புகாதபடி ஒட்டிய மழைச்சட்டையும் கால்சட்டையும், தொப்பி, கையுறை, உள்ளே போட ஒரு கம்பளிச் சட்டை, தலையில் கட்டும் டார்ச், திசைகாட்டி, விசில், உள்ளே புகுந்துகொள்ளும் பிளாஸ்டிக் பை. எடை கூடும் என்று விட்டுவிட்டு வராதீர்கள். கூட ஓடுபவர் பேச்சுக் குழறினால், காரணமில்லாமல் எரிந்துவிழுந்தால், தடுமாறினால், அது குளிர் உள்ளே போய்விட்டதற்கான அடையாளம். அவர் வேண்டாம் என்றாலும் சட்டையைப் போட்டுவிட்டுக் கீழே கூட்டிவாருங்கள்.

டாக்டராக இன்னொன்று: நாள் முழுக்க ஓடும்போது முழங்கால் வலிக்கு இபுபுரூஃபென் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்காகப் பயந்து வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிக்கவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்பு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள்.

மலையில் சிக்னல் பேசும் அளவுக்கு இல்லாவிட்டாலும் குறுஞ்செய்தி சில நேரம் போகும். ஆனால் பிரிட்டனில் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ரிஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை. இதைப் படித்த கையோடு செய்துவிடுங்கள், கூட ஓடுபவர்களையும் செய்யச் சொல்லுங்கள்.