கிழக்கு வாசல் வீட்டின் மேற்குச் சுவர்

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து சற்றுத் தள்ளி, பால்மரக் (ரப்பர்) காட்டை அழித்துக் கட்டிய ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) என்னை அழைத்திருந்தார்கள். அழைத்தவர்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால் வெட்டி, சேமநிதிப் பணத்தில் அந்த வீட்டை வாங்கிய வயதான தம்பதியர். "தம்பி, கெழக்கு வாசல்னு பார்த்துப் பார்த்துத்தான் வாங்குனோம். ராத்திரியில பின் ரூம்புல படுக்கவே முடியல" என்றார் அந்த அம்மா. அப்போது மணி இரவு 8.30. வெயில் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கட்டிலை ஒட்டியிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அடுப்பை அணைத்து இறக்கி வைத்த தோசைக்கல் ஆறிக்கொண்டிருக்கும்போது இருக்கும் சூடு அதில் இருந்தது.

வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். வாங்குவதற்கு முன் வந்து பார்க்கச் சொல்பவர்கள் சிலர். வாங்கிய பின் வெக்கை தாங்காமல் அழைப்பவர்களே அதிகம். இரு தரப்பினரும் வாசல் எந்தத் திசை என்பதைத் துல்லியமாகச் சொல்வார்கள். மாலை நான்கு மணி வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

வரிசை வீட்டுக்கு இரு பக்கமும் அண்டை வீட்டோடு பொதுச் சுவர். வெளிச்சமும் காற்றும் வெயிலும் முன்னாலும் பின்னாலும் மட்டுமே வர முடியும். ஆகவே கிழக்கு வாசல் வீட்டை வாங்குகிறவர், மேற்குப் பார்த்த பின்கட்டையும் சேர்த்தே வாங்குகிறார். கிழக்கு வாசலின் மீது நம்மவர்களுக்கு இருக்கும் பற்றை நான் குறைத்துப் பேசவில்லை; காலை வெயில் வாசலில் விழுவது நல்லதுதான். ஆனால் அந்தத் தம்பதியரின் பின் அறைச் சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். மேலே கூரை நீட்டமில்லை, வெளியே ஒரு மரமில்லை. பிற்பகல் முழுவதும் வாங்கிய சூட்டை, அது அவர்கள் படுக்கும் நேரத்தில் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

நம் ஊரில் இந்தப் பிற்பகல் நீளமானது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்தள்ளி வைத்ததால், கெடாவில் உண்மையான உச்சிப்பொழுது 1 மணிக்கும் 1.30க்கும் இடையில்தான் வருகிறது. சூரியன் மறைய 7 மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களில் வெயில் உயரத்திலிருந்து விழுவதால், மூன்றடிக் கூரை நீட்டமே அவற்றுக்கு நிழல் தந்துவிடும். மேற்கு வெயில் தாழ்வாக, நேராக, முகத்தில் அடிப்பதைப்போல் வருகிறது. அதைக் கூரை தடுக்காது. அது விழும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. ஜூன் மாதத்தில் சூரியன் பீடோங்கிலிருந்து பார்த்தால் வடமேற்கே இருக்கும் ஜெராய் மலைப் பக்கமாகச் சாயும். டிசம்பரில் அங்கிருந்து ஏறக்குறைய 47 பாகை தெற்கே தள்ளி மறையும். எனவே 'நான் போன அன்று அந்த ஜன்னலில் வெயில் இல்லை' என்பது அடுத்த ஆறு மாதத்துக்கு உத்தரவாதமாகாது.

இந்தக் கணக்கில் பார்த்தால், நம்மவர்கள் தெற்கு வாசல் என்றதும் ஒதுக்கிவிடும் வரிசையின் நடு வீடுதான் பெரும்பாலும் குளுமையானது. அதன் கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் அண்டை வீடுகளே மறைத்துக் காக்கின்றன. அதே வரிசையின் மேற்கு முனையில் இருக்கும் கோர்னர் லாட்டோ (மூலை மனை வீடோ), இடம் தாராளம் என்று எல்லாரும் விரும்பும் வீடாக இருந்தும், தன் பக்கச் சுவர் முழுவதையும் வெயிலுக்குக் கொடுத்து நிற்கும். தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்று மழையை அந்தப் பக்கமிருந்தே அடித்துக்கொண்டு வருவதால், அங்குள்ள ஜன்னல்களின் கீழ் நீர்க்கறை இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

வீடு பார்க்கக் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள்; அப்போது எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மாலை 4 மணிக்கு ஒரு முறையும், இரவு 8 மணிக்கு மறுமுறையும் போங்கள். திசை பார்க்கும்போது கைப்பேசியைக் கேட்டுக்கு அருகிலோ காருக்கு அருகிலோ வைக்காமல், தெரு நடுவில் நின்று பாருங்கள். இரும்பு அருகில் இருந்தால் முள் விலகும். பிறகு மனைப் படத்தில் உள்ள வடக்குக் குறியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தை ஒட்டிய தாமான்களில் நான் மிகவும் கவலைப்படுவது மர நிழலைப் பற்றி. பின்னால் பால்மரம் நிற்கிறது, மேற்கு வெயில் வராது என்று சொல்லி விற்பார்கள். பால்மரம் இலையுதிர்ப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. கெடாவில் வறட்சியும் வெப்பமும் கூடும் மாதங்களும் அவைதான். நிழல் தேவைப்படும்போது நிழல் இருக்காது. செம்பனை (எண்ணெய்ப் பனை) இலையுதிர்க்காது, ஆனால் சுமார் 25 ஆண்டுகளில் மறுநடவுக்காக மொத்தமாக வெட்டிவிடுவார்கள். அது எத்தனை வயது மரம் என்று தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அடுத்தவர் நிலத்து மரத்தை நம்பி உங்கள் படுக்கையறையை வாங்க வேண்டாம்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. கிழக்கு வாசல் வரிசை வீட்டில் தென்கிழக்கான அக்கினி மூலை கார் நிறுத்தும் முன்பக்கத்தில் போய்விடும். சமையலறை அங்கே வராது. அதற்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் வடமேற்கான வாயு மூலை, கேட்டில் நின்று வீட்டைப் பார்த்தால் பின்பக்கத்தின் வலது கோடி. வரிசை வீடுகளைப் பெரும்பாலும் இரண்டிரண்டாக, கண்ணாடிப் பிம்பம்போல் மாற்றிக் கட்டுகிறார்கள் என்பதால், ஒரு வீட்டில் இடப்பக்கம் இருக்கும் சமையலறை அடுத்த வீட்டில் வலப்பக்கம் இருக்கும். முன்பதிவின்போதே லாட் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். சமையலறையோ குளியலறையோ மேற்கு வெயிலை வாங்கிக்கொண்டால் படுக்கையறை தப்பிக்கும்.

பழைய வீடாக இருந்தால் பின்கட்டைத் திறந்து பாருங்கள். 1984ஆம் ஆண்டுச் சீர்நிலைக் கட்டடத் துணைச் சட்டத்தின் 39ஆம் விதிப்படி, அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு ஜன்னலும், காற்று தடையின்றிப் போக 5 விழுக்காடு திறப்பும் இருக்க வேண்டும். சமையலறையைப் பின் எல்லைவரை இழுத்துக் கட்டியவர்கள் இந்தத் திறப்பை அடைத்துவிட்டிருப்பார்கள். அந்தக் கட்டுமானத்துக்கு நகராண்மைக் கழக அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்தத் தம்பதியரின் சுவரை இனித் திருப்ப முடியாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் குழாய்க் கம்பி நட்டு, கூரை உயரத்துக்குச் செங்குத்தாக வலை கட்டச் சொன்னேன். தாழ்ந்து வரும் வெயிலைக் கிடையாக நீளும் பந்தலைவிட நிற்கும் திரையே தடுக்கும். அம்மா அதில் பாகற்கொடி ஏற்றினார். கட்டிலை முன் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆகஸ்டில் போனபோது கொடி ஜன்னலைத் தாண்டியிருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், முன்னளவு சூடில்லை.