தண்ணி பாட்டில் குறையாமலே வீட்டுக்குத் திரும்பி வருகிறதா?

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் ஆனதும், மதுரையில் குழந்தை மருத்துவம் பார்க்கும் என்னைப் போன்றவர்களிடம் ஒரே மாதிரியான தொந்தரவோடு சிறுமிகள் வர ஆரம்பிப்பார்கள். அடிவயிற்று வலி, ஒண்ணுக்குப் போனால் எரிச்சல், சளி இருமல் எதுவும் இல்லாமல் வருகிற காய்ச்சல். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கிற பிள்ளைகள். "ஒண்ணுமில்ல டாக்டர், சூடு" என்பார் கூட வந்த அப்பத்தா. பிள்ளையிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "பாப்பா, ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?" அம்மா முந்திக்கொண்டு "அதெல்லாம் போவா" என்பார். பிள்ளை இல்லை என்று தலையாட்டும்.

திருப்பாலையிலிருந்தோ அவனியாபுரத்திலிருந்தோ ஊருக்குள் வந்து படிக்கிற ஒரு பிள்ளை ஏழரை மணிக்கு ஆட்டோவில் ஏறினால் வீடு திரும்ப நாலரை ஆகிவிடும். ஒன்பது மணி நேரம். குழந்தையின் வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அதன் சிறுநீர்ப்பை எத்தனை மில்லி கொள்ளும் என்று தோராயமாகத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 270 மில்லி, அவ்வளவுதான். ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிற பிள்ளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆக வேண்டும். போக முடியாத பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது: தண்ணீரே குடிப்பதில்லை. சாயங்காலம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தாரை, அதாவது சிறுநீர் வெளியே வருகிற குழாய், நீளம் குறைவு, ஆசனவாய்க்கும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் குடலில் இருக்கிற ஈ.கோலை கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடுகிறது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். இதோடு மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஒண்ணுக்கை அடக்குகிற பிள்ளை வெளிக்குப் போவதையும் அடக்கும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, அது முழுசாகக் காலியாகாது. திரும்பத் திரும்பத் தொற்று வருகிற சிறுமிக்கு மலச்சிக்கலைக் கவனிக்காமல் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பலன் நிற்காது.

பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் எல்லாமே நியாயமானவை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கப் இல்லை. பெரிய வகுப்பு அக்காக்கள் முண்டியடிக்கிறார்கள். உள்ளே இருட்டு. பத்து நிமிஷ இன்டர்வலில் வரிசை நகர்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. வகுப்பு நடுவில் கேட்டால் "இப்பத்தானே இன்டர்வல் விட்டேன், உட்காரு" என்று பதில். ஒரு பிள்ளை சொன்ன காரணம் எனக்கு மறக்கவே மறக்காது: பேன்ட் நாடா முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்ல வெட்கம். நாள் முழுக்க அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னேன். சின்ன வகுப்புச் சீருடை தைக்கக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பெஞ்சில் நெளியும், திடீரென்று கீழே குத்தவைத்துக் குதிகாலால் அழுத்திக்கொள்ளும் பிள்ளை குறும்பு செய்யவில்லை, அடக்குகிறது. அந்த நேரத்தில் கழித்தல் கணக்கு அதன் மண்டையில் ஏறாது. 'வகுப்பில் கவனமில்லை' என்று டைரியில் எழுதும் முன், அந்தப் பிள்ளை மதியத்துக்குள் ஒரு தடவையாவது பாத்ரூம் போனதா, தண்ணீர் குடித்ததா என்று பாருங்கள். கேட்கிற பிள்ளையை அனுப்பிவிடுங்கள். பத்தில் ஒன்று ஊர்சுற்றத்தான் கேட்கும் என்றாலும் பரவாயில்லை.

வீட்டில் பார்க்க வேண்டியவையும் உண்டு. ஆட்டோவை விட்டு இறங்கியதும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவது, ஜட்டி அடிக்கடி ஈரமாக இருப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது எல்லாம் அறிகுறிகள்தான். அதட்டினால் பிள்ளை மறைக்கத்தான் பழகும்.

எரிச்சல் என்றதும் நம் பக்கத்தில் நீர்க்கடுப்பு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள், இளநீரும் பார்லி கஞ்சியும் கொடுப்பார்கள். நீராகாரம் கூடுவது நல்லதுதான், அதை நான் தடுப்பதில்லை. ஆனால் கூடவே காய்ச்சலோ, வாந்தியோ, முதுகுப் பக்க வலியோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் அங்கே தழும்பு விழ வாய்ப்பு உண்டு. மருந்துக் கடையில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் வந்தால், சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அது பிடிபடாமல் போய்விடலாம். பரிசோதனைக்குச் சிறுநீர் எடுக்கும்போது முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாமல், சொன்ன நாள் வரை கொடுங்கள்.

உட்காரும் விதமும் முக்கியம். இந்தியக் கழிப்பறை என்றால் நன்றாகக் குத்தவைத்து உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் சிறுசுகள் அருவருத்து, படாமல் பாதி நின்றபடி போகும். அப்போது இடுப்புத் தசை தளராது, பாதி உள்ளேயே நின்றுவிடும். வீட்டில் காலுக்கடியில் ஒரு பலகை போட்டு, அவசரப்படாமல் உட்காரப் பழக்குங்கள். கழுவுவது முன்னிருந்து பின்னுக்குத்தான். அந்த இடத்துக்கு டெட்டால், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம்.

தண்ணீர் குடிக்கவென்று தனி மணி அடிப்பது கேரளப் பள்ளிகளில் 2019-இல் தொடங்கியது, 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக வழி இல்லாவிட்டால் பிள்ளைகள் அந்த மணிக்கும் குடிப்பதுபோல் வாய் வைத்துவிட்டு மூடிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதே சட்டம்தான், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போகிற அம்மாக்கள் முதலில் கழிப்பறைக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாழ்ப்பாள் எட்டுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கப் இருக்கிறதா, மதியத்துக்கு மேல் யாராவது கழுவிவிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு, அதைக் கூட்டத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டத்தில், மார்க் பற்றிப் பேச்சு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.