எஃப்-1, ஜே-1 விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வருமான வரிக்கணக்கு: எந்தப் படிவம், எவ்வளவு கழிவு, எங்கே தவறுகிறது

வரிக்கணக்கு தாக்கல் செய்ய உட்காரும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: வரிச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ரெசிடென்டா, நான்ரெசிடென்டா? குடியுரிமைத் துறை உங்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இதில் பிசகினால் படிவம், கழிவு, ரீஃபண்ட் எல்லாமே தப்பாகப் போகும்.

பொதுவாக, ஓர் ஆண்டில் குறைந்தது 31 நாள் அமெரிக்காவில் இருந்து, அந்த ஆண்டின் நாட்கள், முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டி 183 வந்தால் ரெசிடென்ட். ஆனால் எஃப்-1 (மாணவர் விசா), ஜே-1 (கல்வி, ஆய்வுப் பரிமாற்ற விசா) மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளின் நாட்களை இந்தக் கூட்டலில் சேர்ப்பதில்லை. ஆண்டில் ஒரே ஒரு நாள் இருந்தாலும் அது முழு ஆண்டாகவே கணக்கு. 2021 டிசம்பர் 28 அன்று வந்து இறங்கியவருக்கும் 2021 ஓர் ஆண்டு. அவருக்கு 2021, 22, 23, 24, 25 என ஐந்தும் முடிந்துவிட்டன. 2026 ஜனவரி 1 முதல் நாட்கள் எண்ணப்படும்.

ஜே-1 ஆய்வாளர்களுக்கும் வருகைப் பேராசிரியர்களுக்கும் கணக்கு வேறு. முந்தைய ஆறு ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் நாட்களை எண்ணாத இந்த விலக்கில் இருந்திருந்தால் அதற்குமேல் விலக்கு இல்லை. முன்பு எஃப்-1-இல் இங்கேயே படித்த ஆண்டுகளும் அந்த இரண்டில் சேரும். முனைவர் பட்டத்தை இங்கே முடித்து ஊருக்குப் போய், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்கு ஜே-1-இல் திரும்பி வருகிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

நான்ரெசிடென்ட் என்று முடிவானால், ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் படிவம் 8843 அனுப்ப வேண்டும். எஃப்-2, ஜே-2 விசாவில் வந்த மனைவி, கணவன், குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். வருமானம் இல்லாதவருக்கு இதற்காக சோஷியல் செக்யூரிட்டி எண் தேவையில்லை. இதில் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. உங்கள் நாட்களை ஏன் எண்ணக்கூடாது என்று சொல்லும் அறிக்கை, அவ்வளவுதான். மாணவர் மூன்றாம் பகுதியையும் ஆய்வாளர் இரண்டாம் பகுதியையும் நிரப்ப வேண்டும். நாட்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்து போனதன் அரசுப் பதிவு) இணையதளத்தில் உள்ள பயண வரலாற்றைப் பார்த்து எழுதுங்கள். வந்த நாளும் போன நாளும் இரண்டுமே இருந்த நாட்கள்தான். தனியாக அனுப்பும்போது கையெழுத்து போட மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சம்பளமோ வரிக்குட்பட்ட உதவித்தொகையோ இருந்தால் 8843-உடன் நான்ரெசிடென்டுகளுக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆர் என்ற படிவமும் வேண்டும். சம்பளம் வாங்கியவருக்கு 2025-ஆம் ஆண்டுக் கணக்கின் கடைசி நாள் 2026 ஏப்ரல் 15. 8843 மட்டும் அனுப்புகிறவருக்கு ஜூன் 15. அவகாசம் வேண்டுமானால் படிவம் 4868 மூலம் அக்டோபர் 15 வரை கேட்கலாம். ஆனால் அது படிவத்துக்கான அவகாசம் மட்டுமே. கட்ட வேண்டிய வரிக்கு ஏப்ரலிலிருந்தே வட்டி ஓடும்.

ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி முதலாளி தரும் டபிள்யூ-2 ஜனவரி இறுதிக்குள் வரும். உதவித்தொகைக்கும், நாடுகளுக்கிடையிலான வரி ஒப்பந்தத்தால் விலக்கு பெற்ற சம்பளத்துக்கும் வரும் 1042-எஸ் மார்ச் நடுவில்தான் வரும். ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டும் வரலாம். டபிள்யூ-2 கிடைத்ததும் அவசரமாக அனுப்பிவிட்டு, பிறகு 1040-எக்ஸ் போட்டுத் திருத்துகிறவர்கள் ஏராளம். மார்ச் மூன்றாம் வாரம் வரை பொறுங்கள். உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போன பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தரப்பட்ட பகுதிக்கு உண்டு. அதில் 14 சதவீதம் முன்பே பிடித்திருப்பார்கள்.

இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு மட்டும் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. மற்ற நான்ரெசிடென்டுகளுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற நிலையான கழிவு கிடையாது. 1989-இல் புது டெல்லியில் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு அதை இந்திய மாணவர்களுக்குத் தருகிறது. 2025-ஆம் ஆண்டுக்குத் தனிநபர் கழிவு 15,750 டாலர். டீச்சிங் அசிஸ்டன்டாக 18,000 டாலர் வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். கழிவு போக மிஞ்சும் 2,250 டாலருக்குச் சுமார் 225 டாலர் வரி. கழிவைக் கேட்காமல் விட்டால் ஏறக்குறைய 1,920 டாலர். ஒரு மாத வாடகைக்கும் மேலே போகும் தொகை இது. படிவத்தில் கழிவுக்கான இடத்தில் தொகையை எழுதி, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி கோரப்படுகிறது என்ற ஆங்கிலக் குறிப்பையும் அருகில் எழுத வேண்டும்.

இந்தச் சலுகை கடவுச்சீட்டைப் பார்த்துத் தரப்படுவதில்லை. அமெரிக்கா வருவதற்குச் சற்றுமுன் இந்தியாவில் வசித்தவருக்கே உரியது. இலங்கையிலிருந்து வந்த மாணவருக்கு இலங்கையின் தனி ஒப்பந்தம்தான். அதில் இந்தக் கழிவு இல்லை. இந்தியாவிலிருந்து வந்தவரானாலும் ஜே-1 ஆய்வாளருக்கு இது பொருந்தாது.

ஆய்வாளருக்கு உரியது 22-ஆம் பிரிவு. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவோ ஆய்வு செய்யவோ வந்தவரின் சம்பளத்துக்கு, வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் மத்திய வருமான வரி இல்லை. படிவம் 8233-ஐச் சம்பளப் பிரிவில் கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள். ஆனால் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். தங்கல் இரண்டு ஆண்டைத் தாண்டினால் அதுவரை அனுபவித்த விலக்கு முழுவதும் முதல் நாளிலிருந்தே ரத்தாகிவிடும். இரண்டு ஆண்டு வரியையும் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். மூன்றாம் ஆண்டும் தொடரும் வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால், விலக்கைக் கேட்காமல் வரியைக் கட்டிக்கொண்டே போவதுதான் நிம்மதி.

அடுத்தது சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள். நான்ரெசிடென்டாக இருக்கும் எஃப்-1, ஜே-1 காரர்களுக்கு இவை கிடையாது. சிபிடி (படிப்பின் பகுதியான பயிற்சி வேலை), ஓபிடி (படித்த துறையில், பெரும்பாலும் படிப்புக்குப் பின் பார்க்கும் பயிற்சி வேலை) ஆகியவற்றுக்கும் அப்படியே. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம். ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பளத்தில் ஓபிடி வேலை பார்ப்பவரிடம் தவறிப் பிடித்தால் 6,120 டாலர் போய்விடும். வெளிநாட்டு மாணவர்களை அதிகம் வேலைக்கு எடுக்காத சிறு நிறுவனங்களில் இது நடக்கிறது. முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள். டபிள்யூ-2-இல் 4, 6 ஆகிய கட்டங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் படிவம் 843, 8316 இரண்டையும் நிரப்பி, டபிள்யூ-2, விசா, ஐ-94, ஐ-20 (கல்வி நிறுவனம் தரும் மாணவர் சான்று), வேலை அனுமதி அட்டை நகல்களோடு ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித்துறைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இந்தப் பணத்தை 1040-என்ஆர் மூலம் கேட்க முடியாது. ஐந்து ஆண்டு விலக்கு முடிந்து ரெசிடென்டாகும் ஆண்டின் ஜனவரியிலிருந்து ஓபிடி சம்பளத்தில் இந்த வரி முறைப்படியே தொடங்கும். எச்-1பி வேலை விசாவுக்கு மாறினால் மாறிய நாளிலிருந்தே.

பங்குச் சந்தைச் செயலிகளில் விளையாட்டாகப் போடும் பணத்துக்கும் வரி உண்டு. ஆண்டில் 183 நாளுக்குக் குறையாமல் அமெரிக்காவில் இருந்த நான்ரெசிடென்டின் பங்கு லாபத்துக்கு 30 சதவீதம். டிவிடெண்டுக்கு இந்திய ஒப்பந்தப்படி 25 சதவீதம். வங்கி வைப்பு வட்டிக்கு வரி இல்லை.

மென்பொருள் விஷயத்தில் ஒரு வார்த்தை. டர்போடாக்ஸ் போன்றவை ரெசிடென்டுகளுக்கான 1040 படிவத்துக்கானவை. நண்பர் சொன்னார் என்று அதில் போடாதீர்கள். அது உங்களை ரெசிடென்டாக எடுத்துக்கொண்டு, நான்ரெசிடென்டுக்கு உரிமையில்லாத கல்விச் சலுகைகளையும் கொடுத்து ரீஃபண்டைப் பெரிதாகக் காட்டும். பின்னால் அதை வட்டியோடு திருப்பித் தர வேண்டியிருக்கும். ஏற்கெனவே அப்படி அனுப்பிவிட்டவர், ஐஆர்எஸ் கேட்கும்வரை காத்திராமல் 1040-எக்ஸ் மூலம் திருத்திவிட வேண்டும். ஸ்பிரின்டாக்ஸ், கிளேசியர் இரண்டும் நான்ரெசிடென்டுகளுக்கென்றே உள்ளவை. பல பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் அலுவலகங்கள் இவற்றுக்கான இலவசக் குறியீட்டைத் தருகின்றன.

மாநில வரி தனிக் கதை. டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியா மத்திய அரசின் வரி ஒப்பந்தங்களை ஏற்பதில்லை; 22-ஆம் பிரிவில் விலக்கு பெற்ற ஆய்வாளரும் அங்கே மாநில வரி கட்ட வேண்டும். ஆண்டின் நடுவில் மாநிலம் மாறியவர் இரண்டு மாநிலங்களுக்கும் கணக்குக் காட்ட நேரலாம்.

ரீஃபண்டுக்கு அமெரிக்க வங்கிக் கணக்கின் ரவுட்டிங் எண்ணையும் கணக்கு எண்ணையும் கொடுங்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் பணம் வந்து சேரும்வரை அந்தக் கணக்கை மூட வேண்டாம். பழைய ஆண்டுகளின் ரீஃபண்டைக் கேட்க, படிவம் அனுப்பிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் டபிள்யூ-2, 1042-எஸ், அனுப்பிய படிவங்களின் நகல், தபால் ரசீது எல்லாவற்றையும் ஊருக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.