பக்கவாதம் வந்தவுடன் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போகாதீர்கள்

போன மாதம் ஒருவர் தன் அப்பாவின் ஃபைலோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம். வலது கையை இன்னும் தூக்க வரவில்லை. "டாக்டர், கொரியாவில ரத்தத்தைப் பார்த்தே இது எந்த வகைப் பக்கவாதம், உடம்புல எது கெட்டிருக்குன்னு சொல்லிடறாங்களாமே. அந்த டெஸ்ட் இங்க இருக்கா?" என்று கேட்டார்.

ஃபைலைப் புரட்டினேன். முதல் தாளே ஒரு லேப் ரிப்போர்ட். அப்பாவுக்குப் பேச்சு குழறிய அன்று காலையில் கொடுத்த ரத்தம்: சர்க்கரை, கொழுப்பு, யூரியா. மதியம் ரிப்போர்ட் கையில் கிடைத்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மாலை நான்கு மணி. ரத்தத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிற எனக்கு அந்தத் தாளைப் பார்க்கவே வேதனையாக இருந்தது.

அவர் கேட்ட கொரிய ஆய்வு பொய் இல்லை. கொரிய மொழியில் பக்கவாதத்துக்கு 'ஜுங்புங்' என்று பெயர். காற்றால் தாக்கப்படுவது என்று பொருள். நாமும் பாரிசவாயு, பக்கவாதம் என்று வாயுவையும் வாதத்தையும் வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறோம். திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடும் மனிதனைப் பார்த்த இரண்டு மரபுகளுக்கும் காற்றுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

தென்கொரியாவில் மரபு மருத்துவர்களுக்குத் தனிப் பட்டப்படிப்பும் தனி உரிமமும் உண்டு. 1987 முதல் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் அந்தச் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை அவர்கள் முகநிறம், நாக்கு, நாடி, குரல், உடல்வாகு என்று பார்த்து வகைப்படுத்துகிறார்கள். நெருப்பு வெப்பம், ஈரச்சளி, ரத்தத் தேக்கம், 'கி' எனும் உயிராற்றல் குறைவு, 'யின்' எனும் குளிர்ச்சித் தன்மையின் குறைவு என்று ஐந்து வகை. ஒரே நோயாளியை ஒரு மருத்துவர் ஈரச்சளி என்பார், இன்னொருவர் ஆற்றல் குறைவு என்பார். இதுதான் அவர்களின் பழைய தலைவலி.

இதைச் சரிசெய்ய, தேஜோன் நகரில் உள்ள கொரியக் கீழ்த்திசை மருத்துவ ஆய்வு நிறுவனம் 2005-இல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. பல மருத்துவமனைகளில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தார்கள். இருவர் முடிவும் ஒத்துப்போன நோயாளிகளைத் தனியே எடுத்து, அவர்கள் ரத்தத்தில் அந்த வகைக்கு ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று தேடினார்கள். தன் தீர்ப்பை இன்னொருவர் சரிபார்க்க விடுவதற்கு நேர்மை வேண்டும். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஆய்வகத்தில் இருப்பவளாகச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஈரச்சளி வகையை உடல் எடையோடும் ரத்தக் கொழுப்போடும் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்த வகையில் ஒருவரைச் சேர்க்கும்போதே பருத்த உடல்வாகையும் ஓர் அறிகுறியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். பருத்தவர்களை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது என்றால் அது புதிய செய்தியா? வெளிறி, களைத்துப் படுத்திருப்பவரை ஆற்றல் குறைவு என்கிறோம். அவர்களில் சிலருக்கு ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். அந்தக் குறைவுக்கு என்ன பெயர் வைத்தாலும், இரும்புச்சத்துக் குறைவா, வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல், பக்கவாதமே ரத்தத்தை மாற்றிவிடும். சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் முதல் நாள் சர்க்கரை ஏறலாம். வெள்ளை அணுக்கள் கூடலாம். விழுங்கத் தடுமாறி உணவு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் கண்டிருந்தால் முகம் சிவக்கும், வெள்ளை அணுவும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் எகிறும். நெருப்பு வெப்பம் என்று எழுதுவதற்கு எல்லாமே பொருந்தி வரும், ஆனால் அவருக்குத் தேவை நிமோனியாவுக்கான மருந்து. கொழுப்பு அளவோ கடும் நோய் வந்த சில நாட்களுக்குத் தற்காலிகமாக இறங்கும். கொரிய ஆய்வில் நோய் வந்து ஒரு மாதத்துக்குள் இருப்பவர்களைச் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் ரத்தத்தையும் இருபத்தைந்தாம் நாள் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். குழுக்களின் சராசரியில் வித்தியாசம் தெரிவது வேறு, ஒரு தனி ஆளின் ரிப்போர்ட்டை வைத்து 'உங்களுக்கு இது' என்று சொல்வது வேறு.

அந்த மகனிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அந்தக் கொரிய ஆய்வுகளிலேயே, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பக்கவாதம் என்று உறுதியானவர்களைத்தான் சேர்த்தார்கள். முதலில் ஸ்கேன், அப்புறம்தான் வகை, அப்புறம்தான் ரத்தம். மரபு மருத்துவர்களே அந்த வரிசையை மாற்றவில்லை.

மாரடைப்பில் டிரோபோனின் என்ற புரதத்தை ரத்தத்தில் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல மூளைக்கும் ஒன்று இருக்கக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் மூளையில் ரத்தம் கசிந்தால் சீக்கிரமே ரத்தத்தில் கூடுகிறது. அதை வைத்து ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் ஸ்கேனுக்குப் பதிலாக அதை நம்பி மருந்து கொடுக்கும் நிலை வரவில்லை. பக்கவாதத்தில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை, மற்றவை ரத்தக்கசிவு. அடைப்பென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. கசிவுள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டில் எது என்று ஸ்கேன்தான் காட்டும். அந்த ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் எல்லாருக்கும் கட்டாயம் தெரிய வேண்டிய ரத்த அளவு சர்க்கரை ஒன்றுதான், ஏனென்றால் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே கை கால் துவளும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து மருத்துவமனையிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் போன்ற சிலருக்குக் கூடுதலாகச் சில பரிசோதனைகள் தேவைப்படும். அதையும் அங்கேயே செய்வார்கள்.

கொரிய வீடுகளிலும் இந்தத் தாமதம் உண்டு. வாய் கோணியவருக்கு 'ஊஹ்வாங் சோங்சிம்வோன்' என்ற மருந்து உருண்டையைக் கொடுப்பார்கள், விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுப்பார்கள். இங்கே சோடா கொடுக்கிறோம், கையைத் தேய்த்துவிடுகிறோம். விழுங்க முடியாதவர் வாயில் எதைப் போட்டாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். முகம் ஒரு பக்கம் இழுத்தால், கை துவண்டால், பேச்சு குழறினால், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக 108-ஐ அழையுங்கள். அறிகுறி பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போங்கள்.

அவர் அப்பாவுக்கு இனி ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெட்ட கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகம் எல்லாம் இப்போதுதான் பயன்படும், அடுத்த பக்கவாதத்தைத் தடுக்க. கூடவே இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று இ.சி.ஜி., கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன், வீட்டில் தினமும் பிரஷர்.

கிளம்பும்போது, "அம்மாவுக்கும் பிரஷர் இருக்கு டாக்டர்" என்றார். ஃபைலின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?' அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான். அப்பா விஷயத்தில் அந்த நேரத்தை அன்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லையாம்.