கையே ஒரு மின்தேக்கி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஆஷ்வில் நகரின் கடைத்தெருவில், 2019ஆம் ஆண்டு ஒரு சிறிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மின்சாரத்தால் இசையொலியை உண்டாக்கும் கருவியான சின்தசைசரைச் செய்தளித்தவர்களில் முதன்மையானவரான ராபர்ட் மோக்கின் பெயரால் அதற்கு 'மோக்சியம்' என்று பெயர். ஆங்கில எழுத்துகளைக் கண்டு பலரும் 'மூக்' என்றே படிப்பார்கள். அவரோ தம் குடும்பப் பெயரை 'மோக்' என்றுதான் உச்சரித்தார். நம் காதுக்கு இரண்டாவதே நல்லது. முதலாவதைத் தமிழில் எழுதினால் முகத்தின் நடுவில் போய் நிற்கும்.

இசைக்கருவிகளின் காட்சிக்கூடம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்கும் வீணைகளும் 'தொடாதீர்' என்ற பலகைகளுமே நம் நினைவுக்கு வரும். இங்கே தொட்டுப் பார்ப்பதற்கென்றே கருவிகளை வைத்திருக்கிறார்கள். மின்சாரம் ஒலியாக மாறும் வழியைக் காட்டும் ஓர் அரைக்கோளத் திரையும் உண்டு. அதற்குள் நின்றால் நாமே சுற்றுப்பலகைக்குள் புகுந்துவிட்டது போல இருக்கும். ஆனால் திரையைவிட என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, தொடுவதற்கு எதுவுமே இல்லாத ஒரு கருவி. ஒரு பெட்டி, வலப்புறம் நிமிர்ந்து நிற்கும் ஓர் உலோகக் கம்பி, இடப்புறம் படுத்திருக்கும் ஒரு வளையம். அதன் பெயர் தெரமின். கம்பியை நோக்கிக் கையை நீட்டினால் ஊளையொன்று கிளம்பி ஏறுகிறது, பின்வாங்கினால் இறங்குகிறது. பெரியவர்களானாலும் முதலில் சிரித்துவிடுகிறார்கள். பிறகு கம்பிக்குள் ஏதோ உணரி மறைந்திருக்கிறது என்று எண்ணி அதைக் கூர்ந்து பார்க்கிறார்கள். கம்பியில் ஒன்றும் இல்லை. அது வெறும் கம்பி. கருவியின் மறுபாதி பார்வையாளரின் கைதான்.

இதை விளங்கிக்கொள்ளத் தம்புராவிலிருந்து தொடங்குவது எளிது. தம்புராவின் நடுவிலுள்ள இரண்டு சாரணித் தந்திகளையும் ஒரே சட்ஜத்துக்குச் சேர்க்கும்போது, அவை ஏறக்குறைய ஒன்றி, ஆனால் முழுமையாக ஒன்றாத நிலையில், ஒலி அலையலையாகப் பெருத்தும் மெலிந்தும் கேட்பதைச் சுருதி சேர்த்தவர்கள் அனைவரும் அறிவார்கள். ஒரு தந்தி நொடிக்கு 140 முறையும் மற்றது 138 முறையும் அதிர்ந்தால், அவ்விரண்டின் வித்தியாசமான 2 என்ற எண்ணிக்கையில், நொடிக்கு இருமுறை ஒலி பெருத்து அடங்கும். பள்ளி இயற்பியல் நூல்கள் இதை விம்மல் என்று சொல்கின்றன. சுருதியை நுட்பமாகச் சரிசெய்யத் தந்தியில் கோத்திருக்கும் மணியை மெல்ல நகர்த்த நகர்த்த விம்மல் நிதானமாகி, தந்திகள் ஒன்றியதும் மறைந்துவிடும்.

தெரமினுக்குள்ளும் இத்தகைய இரண்டு தந்திகள் இருக்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் அவை மின்சாரத் தந்திகள். ஒவ்வொன்றும் ஓர் அலையியற்றி, அதாவது கம்பியைச் சுருட்டிச் செய்த ஒரு தூண்டுசுருளும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து மின்னோட்டத்தை ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுற்று. அவை ஆடும் வேகம் வானொலி அலைகளின் வேகம்; நொடிக்கு 1,70,000 முறை என்று வைத்துக்கொள்வோம். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடுவதால், இவற்றில் எதையும் தனியே கேட்க முடியாது. முதல் அலையியற்றியின் வேகம் மாறாமல் இருக்கும். இரண்டாவதன் மின்தேக்கியோடு அந்த உலோகக் கம்பி இணைக்கப்பட்டிருக்கிறது.

மின்தேக்கி என்பது அடிப்படையில் இரண்டு கடத்திகளும் அவற்றுக்கு நடுவே ஓர் இடைவெளியும்தான். உப்புநீர் நிறைந்த மனித உடல் நல்ல கடத்தி. தரையோடு ஏதோவொரு வகையில் அதற்கு மின்தொடர்பும் உண்டு. ஆகவே கம்பியருகே கையைக் கொண்டுபோனதும் கம்பி ஒரு தகடாகவும் கை மறு தகடாகவும் ஆகி, நடுவிலுள்ள காற்றோடு சேர்ந்து ஒரு புதிய மின்தேக்கி உருவாகிவிடுகிறது. கைப்பேசியின் தொடுதிரை விரலை அறிந்துகொள்வதும் இவ்வாறே; அங்கே விரல் கண்ணாடியைத் தொட வேண்டியிருக்கிறது, இங்கே ஓர் அடி தொலைவே போதும்.

கை சேர்க்கும் அந்த மின்தேக்குதிறன் எவ்வளவு அற்பமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது. இரண்டு அலையியற்றிகளும் 1,70,000 ஹெர்ட்ஸில் ஒன்றியிருக்கும்போது வித்தியாசம் சுழி. கருவி மௌனமாக இருக்கும். மேடைக் கருவிகள் சுருதி பார்க்கப் பயன்படுத்தும் 440 ஹெர்ட்ஸ் ஒலி வேண்டுமென்றால், இரண்டாவது அலையியற்றி 1,69,560க்கு இறங்க வேண்டும். அந்த இறக்கம் கால் சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அலையியற்றியின் அதிர்வெண் மின்தேக்குதிறனின் இருபடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், மின்தேக்குதிறன் அரை சதவீத அளவுக்கு ஏறினால் போதும். சுற்றில் மொத்தம் 200 பிக்கோஃபாரட் இருப்பதாகக் கொண்டால், கை சேர்க்க வேண்டியது சுமார் 1 பிக்கோஃபாரட், அதாவது ஒரு ஃபாரட்டை ஒரு லட்சம் கோடியால் வகுத்த அளவு. கேட்கும் ஒலியை ஒரே அலையியற்றியில் நேரடியாக உண்டாக்காமல், இரண்டு பேரெண்களின் சிறு வித்தியாசமாக எடுத்ததுதான் இந்தக் கருவியின் மதிநுட்பம். கால் சதவீத மாற்றத்தைத் தனியே கேட்டால் யாருக்கும் தெரியாது. வித்தியாசமாக எடுத்தால் அதுவே மௌனத்துக்கும் ஒரு முழு சுரத்துக்கும் உள்ள தொலைவாகிவிடுகிறது.

தம்புரா உவமை இங்கே ஓரிடத்தில் நொண்டும். விம்மல் என்பது ஒலியின் பெருக்கமும் மெலிவுமே தவிர, 2 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரு சுரம் அன்று. இரண்டு வானொலி அலைகளை வெறுமனே கூட்டினாலும் அவ்வாறே, அந்தக் கூட்டில் 440 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் என்று தனியாக எதுவும் இராது. கூட்டிய அலையை, ஒரு திசையில் மட்டும் தாராளமாகக் கடத்தும் ஒரு வால்வின் (வெற்றிடக் குழாயின்) வழியே செலுத்தும்போதுதான், பெருத்து மெலியும் வடிவம் மட்டும் மிஞ்சி உண்மையான மின்னோட்டமாக வெளிவருகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் சுரம். இடப்புற வளையம் வேறொரு வானொலி அலையியற்றியோடு இணைந்தது. இடக்கை அதனருகே இறங்கினால் ஒலி அடங்கும், உயர்ந்தால் பெருகும். வலக்கை சுருதியையும் இடக்கை ஒலியின் அளவையும் ஆள்கின்றன.

இதைக் கண்டறிந்த லெவ் தெர்மென் இயற்பியலாளர், செல்லோ வாசிப்பவரும்கூட. 1920ஆம் ஆண்டுவாக்கில் ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வாயுக்களின் மின்பண்புகளை அளப்பதற்காக அவர் ஓர் அலையியற்றிக் கருவியை அமைத்தபோது, அதில் எழுந்த சீழ்க்கை தம் கையசைவுக்கு ஏற்ப மாறுவதைக் கவனித்தார். அளவீட்டுக்கு அது தொல்லை. வேறு யாராக இருந்தாலும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். செல்லோக்காரர் அதில் மெட்டு வாசித்துப் பார்த்தார். 1922இல் லெனினுக்கு இதை இசைத்துக் காட்டினார். 1928இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ. சுமார் 500 கருவிகளைச் செய்து விற்க முயன்றது. 'எவரும் வாசிக்கலாம்' என்ற விளம்பரம் பொய்த்துப்போனதால் சந்தையில் அது எடுபடவில்லை.

ஏன் பொய்த்தது என்பதை அருங்காட்சியகத்தில் இரண்டே நிமிடங்களில் உணரலாம். நான் எளிய மெட்டொன்றின் முதல் நான்கு சுரங்களைப் பிடிக்க முயன்றேன். வீணையில் இருப்பது போல விரல் தொட்டறியும் மெட்டு இல்லை, தந்தி இல்லை, கட்டை இல்லை. காற்றில் 'ரி' எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளமே கிடையாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டவும் முடியாது; நடுவிலுள்ள எல்லாச் சுருதிகளையும் வழுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆர்மோனியத்துக்கு எட்டாத கமகம் இங்கே தானாக வருகிறது. வராமல் தடுப்பதுதான் பாடு. கை கம்பியை நெருங்க நெருங்க மின்தேக்குதிறன் மேலும் மேலும் விரைந்து ஏறுவதால், மேல் ஸ்தாயிச் சுரங்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொள்கின்றன. கம்பியோடு தொடராக ஒரு பெரிய தூண்டுசுருளைச் சேர்த்து இந்த நெருக்கத்தை ஓரளவு சரிசெய்கிறார்கள். இத்தனையையும் மீறி இதில் மேதையானவர் கிளாரா ராக்மோர். உடல்நலக் குறைவால் வயலினைக் கைவிட நேர்ந்த அவர், தோளையும் முழங்கையையும் அசைக்காமல் விரல்களை மடக்கியும் விரித்தும் சுரங்களை அளக்கும் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். தெர்மென் அவருக்கென்றே விரிந்த ஸ்தாயியுள்ள ஒரு கருவியைச் செய்து கொடுத்தார்.

ராபர்ட் மோக்கின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1949இல், 14 வயதில், அவர் இதழொன்றில் வந்த விளக்கத்தைக் கொண்டு ஒரு தெரமினைச் செய்தார். கல்லூரிக் காலத்திலேயே தந்தையுடன் சேர்ந்து தெரமின்கள் செய்து விற்கத் தொடங்கினார். 1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் இணைந்து அவர் உருவாக்கிய சின்தசைசரைத் தெரமினின் பிள்ளை என்று சொல்வதில் தவறில்லை. தெரமினில் கை அசைவே சுரம். கையை ஒலியிலிருந்து பிரிக்க முடியாது. மோக் அந்த இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை இடைத்தரகராக நிறுத்தினார். அலையியற்றியின் வேகத்தை ஒரு மின்னழுத்தம் தீர்மானிக்கும். அந்த மின்னழுத்தம் விசைப்பலகையிலிருந்து வரலாம், திருகுவிசையிலிருந்து வரலாம், இன்னோர் அலையியற்றியிலிருந்தும் வரலாம். மெதுவாக ஆடும் அலையியற்றி ஒன்று வேகமாக ஆடும் மற்றொன்றின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், எந்த விரலும் இல்லாமல் சுரம் அசைகிறது.

இந்த முறையில் 1 வோல்ட் ஏறினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். பன்னிரண்டில் ஒரு பங்கு வோல்ட், அதாவது சுமார் 83 மில்லிவோல்ட், ஓர் அரைச்சுரம். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஸ்தாயி ஏறுவதென்றால் அதிர்வெண் இரட்டிப்பது: 110, 220, 440, 880. மின்னழுத்தம் கூட்டலாக ஏற, அதிர்வெண் பெருக்கலாக ஏற வேண்டும். கூட்டலைப் பெருக்கலாக்கும் பொருள் எங்கே கிடைக்கும்? டிரான்சிஸ்டரிலேயே அது இயற்கையாக அமைந்திருக்கிறது. அறை வெப்பநிலையில் அதன் அடிவாய், உமிழ்ப்பான் என்ற இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட் ஏறும்போதெல்லாம் மின்னோட்டம் இரட்டிக்கிறது. உள்ளே வரும் 1 வோல்ட்டை அந்த 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் 'அறை வெப்பநிலையில்' என்ற அந்தச் சொல்லுக்கு உரிய விலையை இசைக்கலைஞர்கள் கொடுத்தார்கள். வெப்பம் 10 பாகை ஏறினால் அந்த 18 மில்லிவோல்ட்டே மூன்று சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிடும். மேடை விளக்குகளின் சூட்டில் பழைய சின்தசைசர்கள் சுருதி விலகியது இதனால்தான். மிருதங்கத் தோல் போல அவையும் பருவநிலை அறியும்.

சுரத்தின் உயரம் இவ்வாறு கிடைத்தது. அதன் நிறம் வேறு வழியில் கிடைக்கிறது. ரம்பப்பல் வடிவ அலையில் 110 ஹெர்ட்ஸ் அடிப்படை ஒலியோடு 220, 330, 440 என்று எல்லா மடங்குகளிலும் மேற்சுரங்கள் நிறைந்திருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருப்பதால் அது உள்ளீடற்ற குழல் போல ஒலிக்கும். கல்லைச் செதுக்குவது போல, இந்த மிகுதியிலிருந்து வேண்டாததை வடிகட்டிகள் நீக்குகின்றன. 1969இல் மோக் காப்புரிமை பெற்ற வடிகட்டியில் டிரான்சிஸ்டர் இணைகள் ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும்; படிகளுக்குக் குறுக்கே மின்தேக்கிகள். வெட்டுமிடத்துக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒலியின் வீச்சு ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகக் குறையும். அதன் திருகை மெல்லத் திருப்பினால், வாயைக் குவித்து 'ஊ' என்று தொடங்கி விரித்து 'ஆ' என்று முடிப்பது போன்ற ஒலி வருகிறது. நம் வாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. காட்சிக்கூடத்தில் சிறுவர்கள் விசைப்பலகையை விட்டுவிட்டு இந்த ஒரு திருகையே மீண்டும் மீண்டும் திருப்பிக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. கருவி பேச வாய் திறக்கும் இடம் அதுதான்.

விசையை அழுத்தியதும் ஒலி எவ்வளவு விரைவில் எழுந்து, எவ்வளவு தணிந்து, எவ்வளவு நேரம் நின்று, எப்படி மறைய வேண்டும் என்பதையும் மின்னழுத்தமே ஆளுகிறது. தொடக்க நாள்களில் இதைச் சோதிக்க மோக்குக்குத் தேவைப்பட்டது ஒரு சாதாரண அழைப்புமணிப் பொத்தான். பிறகு இசையமைப்பாளர் உசசெவ்ஸ்கி கேட்டுக்கொண்ட நான்கு நிலைப் பகுப்பே இன்றுவரை பெரும்பாலான சின்தசைசர்களில் நிலைத்துவிட்டது.

அந்தத் தொடக்க காலக் கருவிகளில் ஒன்று இந்தியாவுக்கும் வந்தது. 1969இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் சின்தசைசரை நிறுவினார்; அங்கே பதிவான ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் காப்பகத்தில் கிடந்து அண்மையில்தான் வெளிவந்தன. கிட்டத்தட்ட அதே காலத்தில் நம் கச்சேரி மேடைகளுக்கு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்திருந்தால் நம்மவர்கள் அலையியற்றியோடு இன்னும் முன்னதாகவே பழகியிருப்பார்கள். அது 1970களின் இறுதியில்தான் வந்தது.

வெளியே வரும் முன் மீண்டும் தெரமின் அருகே நின்றேன். அப்போது அதை யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் அடித்தொண்டையில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி இருவர் முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிரித்துப் பின்னால் சாய்ந்தபோது உறுமல் கால் சுரம் ஏறி, அவர் நிமிர்ந்ததும் இறங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.